டயர்க்கடை அண்ணனின் தர விதிகள்

பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கியூசி வேலை, அதாவது தரம் பார்ப்பது. பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே சின்னச் சின்ன மின்பலகைகளை வைத்து, ஈயம் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியில்லாத இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஒட்டுகிறேன். இப்படிப்பட்டவளுக்கு எழுத்து ஆசை வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆசை என்னமோ பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு ஐந்து முறை எழுதி அனுப்பினேன். ஒன்றும் வரவில்லை. பதிலும் வரவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்கிற ஆசிரியருக்கு என்மேல் தனிப்பட்ட விரோதம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவருக்கு என் பெயர்கூடத் தெரிந்திருக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு நாள் தொழிற்சாலை கேண்டீனில் என் லைனில் வேலை செய்கிற தோழி போனை நீட்டினாள். "அக்கா, இதுல எழுதுங்க. இதுக்கு எடிட்டரே கெடையாது. முதலாளியும் கெடையாது. படிக்கிறவங்கதான் ஓட்டுப் போடுவாங்க. நெறைய ஓட்டு விழுந்தா மேல போகும்."

"யாருமே முதலாளி இல்லன்னா யாரு நடத்தறாங்க?"

"எல்லாரும்தான்லா. உலகம் முழுக்க ஆயிரம் கம்ப்யூட்டர்ல இருக்கும். யாரும் அழிக்க முடியாது."

ஆசிரியர் இல்லாத உலகம்! மீ கோரேங் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கணக்குத் தொடங்கினேன்.

முதல் பதிவு எங்கள் பிளாட் லிப்டைப் பற்றியது. ஜெலுத்தோங்கில் நாங்கள் இருக்கிற பிளாட்டின் லிப்ட் எந்த மாடிக்கு அழுத்தினாலும் நான்காம் மாடியில் ஒருமுறை நின்று, கதவைத் திறந்து, யாரும் இல்லாத நடையைக் காட்டிவிட்டுத்தான் மேலே போகும். அதற்குப் பழகிப்போன நாங்கள் அந்த நான்காம் மாடியில் யாரோ ஏறிக்கொண்டதுபோல் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவோம். அதைத்தான் எழுதினேன். பதினொரு ஓட்டு விழுந்தது. பதினொன்றும் சேர்ந்து பதிவை ஓர் அங்குலம்கூட உயர்த்தவில்லை.

அப்போதுதான் தோழி அடுத்த பாடத்தைச் சொன்னாள். எல்லா ஓட்டும் ஒரே எடை இல்லையாம். அந்தத் தளத்துக்கென்று கம்ப்யூட்டரில் மட்டுமே புழங்கும் ஒரு நாணயம் உண்டு. யாரிடம் அது அதிகம் இருக்கிறதோ அவர் ஓட்டுக்கு எடை அதிகம். ரொம்ப அதிகம் வைத்திருப்பவரை அங்கே திமிங்கலம் என்பார்கள். எங்கள் தமிழ்க் குழுவில் ஒரே ஒரு திமிங்கலம்தான் இருந்தது. பாகான் டாலாமில் டயர்க்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன். அந்த நாணயம் சீந்துவாரில்லாமல் கிடந்த காலத்தில், யாரோ சொன்னார்கள் என்று அள்ளி வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோனவர். ஞாபகம் வந்து திறந்து பார்த்தபோது தமிழ் இலக்கியம் அவர் கையில் இருந்தது.

இரண்டாவது பதிவு, தொழிற்சாலை பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு காலையைப் பற்றியது. டிரைவர் என்னைக் கண்ணாடியில் பார்த்தும் நிறுத்தவில்லை. அந்த ஆத்திரத்தில் கடலோரம் நின்று ஒரு படம் எடுத்தேன். படத்தில் தற்செயலாகச் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. பதிவு முழுக்க டிரைவருக்குத் திட்டு. மத்தியானம் பார்த்தால் பதிவு தமிழ்ப் பக்கத்தின் உச்சியில் நிற்கிறது. கீழே அண்ணனின் கருத்து: "சூரிய உதயம் அருமை. நேர்மறைச் சிந்தனைக்கு வாழ்த்துகள்."

அவர் படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். சொல்லவா போகிறேன்? "மிக்க நன்றி அண்ணா" என்று எழுதி இரண்டு கும்பிடும் போட்டேன்.

என்னைப்போலவே மற்றவர்களுக்கும் கண் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து பினாங்குத் தமிழ் எழுத்தில் சூரியன் உதிக்காத பதிவே இல்லை. வேலை இழந்தவருக்கும் சூரியன், வாயுத்தொல்லைக்கு வைத்தியம் சொன்னவருக்கும் சூரியன். தீவின் மேற்குப் பக்கத்தில் குடியிருந்த ஒருவர் மாலை ஏழு மணிக்குக் கடலில் இறங்கும் சூரியனைப் படம் பிடித்து, "புதிய விடியல்" என்று தலைப்பு வைத்தார். அதற்கும் அண்ணன் ஓட்டுப் போட்டார்.

பிறகு அண்ணன் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பட்டர்வொர்த்தில் ஒரு வாழை இலைக் கடை. ஒன்பது பேர் போனோம். நேரில் பார்த்தால் மனுஷன் தங்கமானவர். வந்தவர்களின் காடி டயரை எல்லாம் குனிந்து பார்த்து, "முன் டயர் ரெண்டும் உள்பக்கம் தேஞ்சிருக்கு, அலைன்மென்ட் பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். தமிழ்மேல் அவருக்கு உண்மையான பாசம். அந்தப் பாசத்திலிருந்துதான் எல்லாக் கேடும் வந்தது.

ரசம் ஊற்றும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "தர விதிகள்" என்று மேலே எழுதியிருந்தது. பதிவு அறுநூறு சொல்லுக்குக் குறையக் கூடாது. சொந்தமாக எடுத்த படம் மூன்று வேண்டும். சோகம் கூடாது. முடிவில் ஒரு படிப்பினை இருக்க வேண்டும். மலாய்ச் சொல், ஆங்கிலச் சொல் கலக்கக் கூடாது.

"பாசார எப்படிண்ணே எழுதறது?" என்று ஒருவர் கேட்டார். ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், நல்ல மனிதர்.

"சந்தை."

"பாசார் மாலாம்?"

"இரவுச் சந்தை."

"நாசி லெமாக்?"

அண்ணன் கொஞ்ச நேரம் அப்பளத்தைப் பார்த்தார். "தேங்காய்ப்பால் சோறு," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் போனில் குறித்துக்கொண்டார்கள்.

"முக்கியமா பேச்சு முடிவுல இந்த 'லா' போடறது இருக்கே, அத நிறுத்தணும்," என்றார் அண்ணன். "தமிழ்நாட்டுல படிக்கிறவன் சிரிப்பான்லா."

அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. அஞ்சல்காரர் மட்டும் மெல்லக் கேட்டார். "இந்த விதியெல்லாம் யாரு முடிவு பண்ணதுண்ணே?"

"நம்ம எல்லாரும்தான். இங்க யாரு முதலாளி? ஓட்டுக்கு விடுவோம். வேணாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

எல்லார் வலது கையிலும் ரசச் சோறு. யாரும் தூக்கவில்லை. அஞ்சல்காரர் இடது கையைத் தூக்கப் பார்த்தார். தண்ணீர் எடுக்கத்தான் என்பதுபோல் டம்ளரைப் பிடித்துக்கொண்டார். விதிகள் ஏகமனதாக நிறைவேறின.

அடுத்து அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீங்க கியூசிதானே மா? இத நீங்கதான் பாத்துக்கணும். என் ஓட்டுல பாதிய உங்க கணக்குக்கு மாத்தி விடறேன். நல்லதுக்கு மேல போடுங்க. விதிய மீறினா கீழ போடுங்க."

கீழ்வாக்கு என்று ஒன்று உண்டு. எடையுள்ள ஒருவர் அதை அழுத்தினால் பதிவு சாம்பல் நிறமாகி, "குறைந்த மதிப்பீட்டால் மறைக்கப்பட்டது" என்ற வரிக்குப் பின்னால் போய்விடும். வேண்டுமென்றே தட்டித் திறந்தால்தான் படிக்க முடியும். எழுதியவரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மதிப்பெண்ணும் இறங்கும்.

மறுத்திருக்கலாம். நான் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டு, "சரிண்ணே" என்றேன்.

அந்த நாலைந்து மாதம் நான் எப்படி இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. காலையில் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனைத் திறந்து தீர்ப்பு சொல்லத் தொடங்குவேன். ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு ஒரு கருத்தை எழுதி வைத்துக்கொண்டேன்: "சொற்கள் குறைவு. படங்கள் இல்லை. பிறமொழிக் கலப்பு உள்ளது. படிப்பினை இல்லை. தரத்தை மேம்படுத்துக." அதை வெட்டி வெட்டி ஒட்டுவேன். சிவப்பு அம்பு ஒட்டுகிற அதே கை. என்னை அதுவரை ஏறிட்டும் பார்க்காதவர்கள் திடீரென்று "சகோதரி, தங்கள் பார்வைக்கு" என்று எழுதினார்கள். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு நான்கு டப்பா முறுக்கு வந்தது. என் கணவர் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "நீ என்ன பெரிய நீதிபதியா?" என்று கேட்டார். கடிந்துகொண்டேன். முறுக்கை அவர் தொடர்ந்து சாப்பிட்டார்.

அப்போதுதான் அந்த அக்காவின் பதிவுகள் வரத் தொடங்கின. சுங்கை பாக்காப்பில் பள்ளிப்பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவர். படமே இருக்காது. நூறு, நூற்றைம்பது சொல்லோடு நின்றுவிடும். தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்ததில் அவர் கணவருக்குப் பேச்சு போய்விட்டது. இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். கணவர் மேசையில் விரலால் தட்டித்தான் எதையும் கேட்பாராம். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் மின்விசிறி. "மூணு தட்டுனா கோப்பி. நாலு தட்டுனா சண்டை. நேத்து நாலு தட்டுனாரு. நானும் பதிலுக்கு நாலு தட்டுனேன். அப்புறம் ரெண்டு பேரும் மேசைய ரொம்ப நேரம் தட்டினோம்லா. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து என்னா பஜனையான்னு கேட்டாங்க." அவ்வளவுதான் பதிவு.

பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த நேப்பாளத் தொழிலாளி திரும்பிப் பார்த்தார். உடனே கண் கலங்கியது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் எழுத ஆசைப்பட்டது இப்படித்தான். அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்துகொண்டே மேலே போய்ச் சொற்களை எண்ணினேன். குறைவு. படம் இல்லை. 'லா' இருந்தது. படிப்பினை இல்லை. என் கருத்தை ஒட்டினேன். கீழே அழுத்தினேன். பதிவு சாம்பலாகியது.

விதி, நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. எனக்குப் பொறாமை.

அந்த அக்கா பதில் எதுவும் எழுதவில்லை. கெஞ்சவில்லை, சண்டைக்கு வரவில்லை, முறுக்கும் அனுப்பவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று எழுதினார். அதையும் சாம்பலாக்கினேன். மொத்தம் ஏழு. அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அதுதான் என்னை ரொம்ப எரிச்சல்படுத்தியது.

பிறகு எங்களுக்கு விடிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "தமிழன் என்று சொல்லடா" என்ற தோரணையில் அண்ணன் எழுதியிருந்த நீண்ட பதிவு சாம்பலாகக் கிடந்தது. அதற்குக் கீழே எங்கள் எல்லாருடைய பதிவுகளும் சாம்பல். வரிசையாக, ஒன்று விடாமல். செய்தது ஒரே கணக்கு. கறுப்புக் கண்ணாடி போட்ட பூனைதான் அதன் படம். எந்த நாட்டு ஆள், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. அண்ணனைப்போல் நூறு பேரை விழுங்குகிற எடை அதற்கு. எல்லாப் பதிவின் கீழும் ஆங்கிலத்தில் ஒரே கருத்து. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஒரே சூரியன், ஒரே ஆளின் ஓட்டு, தரமில்லை.

காலை இடைவேளையில் அண்ணன் போன் செய்தார். பின்னால் டயர் கழற்றுகிற சத்தம்.

"என்னா மா இது? அவனுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாதுன்னு நெனக்கிறேண்ணே."

"படிக்காமயே எப்படி ஒருத்தன் தரமில்லன்னு சொல்லலாம்? இது அநியாயம்லா! அவன்கிட்ட நாணயம் கூட இருக்குன்னா என்ன வேணா பண்ணுவானா?"

அவர் குரல் உடைந்திருந்தது. நடிப்பு இல்லை. ஐம்பது வயது மனிதர் கடைக்கு நடுவில் நின்று அழப் பார்த்தார். அவர் கேட்ட அந்தக் கேள்வி அவர் காதில் விழவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். என் காதில் விழுந்தது. ஆனால் நான் மட்டும் யோக்கியமா? ஏழு பதிவுகளைப் படித்து, பிடித்து, அதற்குப் பிறகு அழுத்தியவள். பூனையாவது படிக்கவில்லை.

அண்ணன் பூனைக்கே மேல்முறையீடு எழுதினார். அவர் மகள் ஆங்கிலத்தில் திருத்திக் கொடுத்தாள். பூனை இரண்டு நாள் கழித்துத் தன் விதிகளை அனுப்பியது. ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம். ஒரே ஆள் தினமும் ஓட்டுப் போடக் கூடாது. சூரிய உதயம், சூரிய அஸ்தமனம் இரண்டுக்கும் தடை.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது. யாரும் எதிர்க்கவில்லை. குழுவில் ஒருவர் தன் வீட்டுப் பூனையைப் பற்றி எழுதினார், ஆங்கிலத்தோடு. பெரிய பூனை ஓட்டுப் போட்டது. சின்ன ஓட்டுதான். அதுவே அண்ணனின் ஓட்டைவிடப் பெரியது. அவ்வளவுதான். பினாங்கில் சூரியன் மறைந்து பூனைகள் உதித்தன. ஜெலுத்தோங் பாசாரில் மீன்கடைப் பூனை, ரயில் நிலையப் பூனை, கோயில் வாசல் பூனை. பூனை வளர்க்காதவர்கள் அடுத்த வீட்டுப் பூனையைப் பிடித்து மடியில் வைத்துப் படம் எடுத்தார்கள். ஒருவருக்குக் கையெல்லாம் கீறல். அதையும் எழுதினார், நேர்மறைச் சிந்தனையோடு. அண்ணனே டயர் அடுக்கின்மேல் தூங்குகிற ஒரு பூனையைப் போட்டு, "பொறுமையின் சின்னம்" என்று எழுதினார். அது பக்கத்து மளிகைக்கடைப் பூனை என்று அஞ்சல்காரர் எனக்குத் தனியாகச் சொன்னார். அவர் மட்டும் எதுவும் எழுதாமல் விலகிவிட்டார்.

நானும் ஒன்று எழுதினேன். எங்கள் பிளாட்டின் குப்பைத்தொட்டிப் பூனை. நல்ல ஓட்டு விழுந்தது. இரண்டு முறை திறந்து திறந்து அந்த எண்ணைப் பார்த்தேன். மூன்றாம் முறை திறந்தபோது என்மேலேயே வெறுப்பு வந்தது.

அன்றைக்கே அந்த அக்காவின் பக்கத்துக்குப் போய், ஏழு கீழ்வாக்கையும் எடுத்துவிடப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு வாரம் கடந்த ஓட்டை அங்கே மாற்றினாலும் எண் மாறாதாம். கருத்தையாவது அழிக்கலாம் என்றால், திருத்தினாலும் பழைய பிரதி ஆயிரம் கம்ப்யூட்டரில் அப்படியே கிடக்குமாம். யாரும் அழிக்க முடியாது என்று தோழி பெருமையாகச் சொன்னபோது, எதை என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தோழியின் அண்ணி சுங்கை பாக்காப்பில் இருக்கிறாள். வேன் ஓட்டுகிற அக்கா என்றதுமே வீட்டைச் சொல்லிவிட்டாள். ஒரு சனிக்கிழமை தோழியின் காடியில் கடல்பாலம் தாண்டி அக்கரைக்குப் போனோம். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். முறுக்கு வாங்கிப் போகலாம் என்று நினைத்து, கூச்சப்பட்டு, ஆரஞ்சு வாங்கிக்கொண்டேன்.

அக்கா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குட்டையான, பலமான கை. நான் யார் என்று சொன்னேன். அந்தத் தளத்தில் உங்கள் பதிவுக்கெல்லாம் கருத்து எழுதுவது நான்தான் என்றேன்.

தண்ணீர்க் குழாயை மூடினார். "எந்தக் கருத்து? அந்த 'சொற்கள் குறைவு'வா?"

"ஆமாக்கா."

"அது நீங்களா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "மன்னிச்சிருங்க மா. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வந்துச்சா, நான் மெஷின்னு நெனச்சேன்லா."

தோழி திரும்பி நின்று சிரித்தாள். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதால், நான் ஒத்திகை பார்த்து வந்தது எதற்கும் இடமில்லாமல் போனது. எப்படியோ சமாளித்து, உங்கள் பதிவை மறைத்துவிட்டேன், மதிப்பெண் போய்விட்டது, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"மதிப்பெண்ணா? அது பக்கத்துல ஓடற நம்பரா? நான் அத கவனிச்சதே இல்ல. என் போன்ல எடமே இல்ல மா, புள்ளைங்க படமா நெறஞ்சு கெடக்கு. அதான் மக அங்க எழுதி வைக்கச் சொன்னா, அழியாதுன்னு. ஈப்போல என் தங்கச்சி இருக்கா. அவ தட்டித் தெறந்து படிச்சுக்குவா."

உள்ளே கூப்பிட்டார். மேசைக்குப் பின்னால் அவர் கணவர் இருந்தார், கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. அக்கா அவர் காதருகே குனிந்து, "இவங்கதான் அது," என்றார். அவர் என்னைப் பார்த்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. சத்தமே இல்லாத சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, நிற்கவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் சொன்னார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து ரெண்டு மாசம் இவரு சிரிக்கவே இல்ல மா. சாப்பாடும் சரியா எறங்கல. அப்ப நான் மொதல்ல எழுதுனதுக்கு நீங்க போட்டத இவருக்குப் படிச்சுக் காட்டினேன். 'சொற்கள் குறைவு'ன்னு. கேட்டுட்டு இவரு தன் கழுத்த தொட்டுக் காட்டினாரு, பாருங்க! 'தரத்தை மேம்படுத்துக'ன்னு நான் வாசிக்கிறேன், இவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. அன்னைக்குத்தான் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாரு. அப்புறம் நான் எழுதறப்பல்லாம், அந்த மெஷின் என்னா சொல்லுதுன்னு மேசையத் தட்டிக் கேப்பாரு."

நான் எழுதியதிலேயே ஒருவருக்கு உண்மையாக உதவிய வரி அதுதான். கௌரவம் என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை, அவமானம் என்று ஒதுக்கவும் முடியவில்லை. கோப்பி கொடுத்தார்கள், குடித்தேன். புறப்படும்போது அக்கா, "நீங்களும் எழுதுவீங்களாமே, என்னா எழுதுவீங்க?" என்று கேட்டார். பூனை என்று சொல்ல வாய் வரவில்லை. லிப்டைப் பற்றி ஒருமுறை எழுதினேன் என்றேன்.

திங்கட்கிழமை அண்ணனின் பாதி ஓட்டை அவருக்கே திருப்பி மாற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டார். ஷிப்ட் மாறிவிட்டது என்றேன். அந்த வேலையை ஒரு பள்ளி ஆசிரியையிடம் கொடுத்தார். என்னைவிடக் கண்டிப்பு என்று கேள்வி.

போன மாதம் பாசாரில் நான் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தார். குரலில் பழைய தெம்பு. "மா, சேதி தெரியுமா? அந்தப் பூனை எல்லாத்தையும் வித்துட்டுப் போயிட்டான். இப்ப தமிழ்ப் பக்கத்துல நம்ம ஓட்டுதான் பெருசு. ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்கு வாங்க. புதுசா விதி எழுதணும். இந்தத் தடவ நல்லா யோசிச்சு, எல்லாரையும் கேட்டு, ஜனநாயகமா பண்ணுவோம்."

"என்னா மாதிரி விதிண்ணே?"

"மொதல்ல பூனைய நிறுத்தணும்," என்றார்.

மீன்காரர் கெம்போங் மீனைத் தராசில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஞாயிறு ஷிப்ட் இருக்கிறது அண்ணே என்று பொய் சொன்னேன். பொய் சொல்வதற்கு முன்னால், அந்த வாழை இலைக் கடைப் பாயசம் ஒரு நொடி ஞாபகத்துக்கு வந்ததையும் சொல்லிவிட வேண்டும்.